நடுக் கடைக்குள் மெல்ட்டவுன்: ஓட்டிசப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை கடைக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ விழுந்து புரண்டு கத்தினால், சுற்றி நிற்கிறவர்களிடம் மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கும். “செல்லம் குடுத்துக் கெடுத்துப் போட்டினம்.” “எந்த நேரமும் போனைக் குடுத்தா உப்பிடித்தான்.” “கண்ணூறு பட்டிருக்கு, நாவூறு கழிச்சா சரி.” இப்போது நாலாவதும் ஒன்று சேர்ந்திருக்கிறது: “உது ஓட்டிசமாக்கும்.” சில வேளை ஒரே ஆளே நாலையும் சொல்லி முடிப்பார்.

ஓட்டிசம் என்ற சொல் ஊருக்குள் வந்தது நல்லதுதான். வந்த வேகத்தில் அது கண்ட இடமெல்லாம் ஒட்டுகிற லேபிளாகிவிட்டது. பேச்சுப் பிந்திய பிள்ளைக்கும் அது, ஐஸ்கிறீம் வாங்கித் தரவில்லை என்று உதைக்கிற பிள்ளைக்கும் அது. உண்மையிலேயே ஓட்டிசம் உள்ள பிள்ளை நாலு பேருக்கு நடுவில் நிலைகுலையும்போது மட்டும் அதைக் குழப்படி என்று எடுத்துக்கொண்டு தாய்க்கு வகுப்பெடுக்கிறோம்.

அந்த நிலைகுலைவுக்கு மெல்ட்டவுன் என்று பெயர். தாங்கக்கூடிய அளவுக்கு மேலே சுமை ஏறியதால் ஒருவர் தன் உடலையும் பேச்சையும் நடத்தையையும் கட்டுப்படுத்த முடியாமல் போகிற நேரம் அது. அதைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. ஓட்டிசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன பயிற்சி கொடுப்பது என்பதெல்லாம் தனிக் கதை.

முதலில் ஓட்டிசம், சுருக்கமாக

ஓட்டிசம் நோயல்ல, தொற்றாது, வந்து போகாது. மூளை வளர்கிற விதத்தில் ஆரம்பத்திலிருந்தே உள்ள ஒரு வேறுபாடு. மற்றவர்களோடு தொடர்பாடும் விதம், ஒரே ஒழுங்கை விரும்புவது, புலன்கள் வேலை செய்கிற விதம் ஆகியவற்றில் அந்த வேறுபாடு தெரியும். தடுப்பூசியால் வருவதில்லை. தாய் வேலைக்குப் போனதால் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 இல் உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. அப்படிப் பார்த்தால் நல்லூர்த் தேருக்கு வருகிற கூட்டத்துக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1943 இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஓட்டிச ஆய்வு தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பெருஞ் சத்தத்துக்கு மிரண்டதை அவர் அப்போதே குறித்து வைத்திருக்கிறார். ஆனால் புலன்களின் வேறுபாடு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக ஏறியது 2013 இல்தான். எழுபது வருடம்! வைத்தியர்களுக்கே அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது என்றால், சந்தையில் நிற்கிற ஆச்சியைக் குறை சொல்லி என்ன பயன்?

பிரேக்கர் விழுகிற வீடு

காலை ஆறு மணி. கிணற்று மோட்டர் ஓடுகிறது. அடுப்படியில் ரைஸ்குக்கர். கிறைண்டரில் உழுந்து அரைபடுகிறது. மூத்தவன் பள்ளிக்கூடச் சேட்டை அயன் பண்ணுகிறான். மாமா வந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுகிறார். டக்கென்று பிரேக்கர் விழுகிறது. எல்லாரும் மாமாவைத்தான் பார்ப்பார்கள்.

கேத்திலில் பழுதில்லை. மாமாவிலும் பிழையில்லை. முதலே ஏறியிருந்த சுமைக்கு மேலே அது கடைசியாக வந்தது, அவ்வளவுதான். பிரேக்கரும் பழுதில்லை, வயர் எரியாமல் இருக்க விழுவதுதான் அதன் வேலை. எல்லாம் செருகியபடியே இருக்க அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டால் திரும்பத் திரும்ப விழும். அயனைக் கழற்று, மோட்டரை நிற்பாட்டு, கொஞ்சம் பொறு, பிறகு தூக்கு. வேறு வழியில்லை.

மெல்ட்டவுனைப் பற்றித் தெரியவேண்டியதில் பாதி இதற்குள் இருக்கிறது. கடைசியாக நடந்த சின்ன விஷயம் காரணமல்ல, கூடிய சுமைதான் காரணம். கத்தலை நிற்பாட்டச் சொல்லி அதட்டுவது, சுமையைக் குறைக்காமல் பிரேக்கரைத் தூக்குகிற வேலை. ஓர் இடத்தில் மட்டும் இந்த உவமை நொண்டும்: பிரேக்கருக்கு நோகாது, பிள்ளைக்கு நோகும்.

கணக்கில் வராத சுமைகள்

புலன்கள் ஐந்து என்று படித்திருக்கிறோம். அவற்றோடு இன்னும் மூன்று உண்டு. உடல் சாய்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று சொல்லுகிற சமநிலைப் புலன், கை கால் எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற உடல்நிலைப் புலன், பசி தாகம் மூத்திரம் நோவு போன்றவற்றைச் சொல்லுகிற உட்புலன். எட்டுப் பக்கத்திலிருந்தும் மூளைக்குத் தகவல் வந்துகொண்டேயிருக்கும்.

எங்களில் பெரும்பாலானோரின் மூளை அதில் முக்கால்வாசியைக் கழித்துவிடும். ஃபான் போட்டவுடன் சத்தம் கேட்கும், ஐந்து நிமிடத்தில் கேட்காது. ஃபான் நிற்கவில்லை, மூளை கணக்கெடுப்பதை விட்டுவிட்டது. இதைப் பழக்கப்படுதல் என்பார்கள். ஓட்டிசம் உள்ள பலருக்கு இது மெதுவாகத்தான் நடக்கும், சில ஒலிகளுக்கு நடக்கவே நடக்காது. முதல் நிமிடத்தில் எவ்வளவு சத்தமாக இருந்ததோ அரை மணித்தியாலம் கழித்தும் அதே அளவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் தாங்காத பிள்ளை உண்டு, சத்தத்தைத் தேடிப் போய் ஸ்பீக்கரில் காதை வைக்கிற பிள்ளையும் உண்டு. ஒரே பிள்ளை தவிலை ரசித்துவிட்டு, பக்கத்தில் குழந்தை ஒன்று அழுதால் காதைப் பொத்தும்.

தீபாவளிக்கு முதல் கிழமை, யாழ் நகரத்தில் ஒரு புடவைக் கடையை எடுங்கள். ஓட்டிசம் உள்ள ஒரு பையன் அம்மாவோடு வந்து நிற்கிறான். வாசலில் பாட்டும் அறிவிப்புமாக ஸ்பீக்கர். உள்ளே வெள்ளை எல்ஈடி வெளிச்சம், சுவர்க் கண்ணாடியில் பட்டு இரண்டாகிறது. புதுத்துணியின் கஞ்சி மணம். கடையில் வேலை செய்கிற பெண் சாறியை மேசையில் உதறி விரிக்கும்போது ‘படார்’ என்கிறது. தலைக்கு மேலே வரிசையாக ஃபான்கள், ஒன்று மட்டும் சுற்றுக்கு ஒருதரம் கிறீச்சிடுகிறது. இடித்துக்கொண்டு போகிற ஆட்கள். அம்மாவின் வியர்த்த கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. போட்டிருக்கிற சேட்டின் கழுத்தில் லேபிள் உரசுகிறது. பையன் அதை இரண்டு விரலால் பிடித்து இழுப்பதும் விடுவதுமாக நிற்கிறான். அம்மா பச்சையா மெரூனா என்று சித்தியோடு கதைக்கிறா. முதலில் செருப்புக் கடை என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து கூட்டிவந்தார்கள், அது மாறிப்போனதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பின்நேரம் மூன்று மணி, மத்தியானம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. “கையைத் தூக்கு ராசா, உந்தச் சேட்டைப் போட்டுப் பாப்பம்” என்கிறா அம்மா.

அந்த இடத்தில் வெடிக்கிறது. பார்த்தவர்களைக் கேட்டால், புதுச் சேட்டுப் போடச் சொன்னதற்கு அப்படிக் கத்தினான் என்பார்கள். மாமா கேத்தில் போட்ட கதைதான்.

இதில் புலன்களோடு சம்பந்தமில்லாத சுமைகளும் இருந்ததைக் கவனிக்க வேண்டும். சொன்ன திட்டம் மாறியது ஒன்று. தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாதது இன்னொன்று. பேசக்கூடிய பிள்ளைக்கும் அந்த நேரத்தில் சொல்லு வராது. மூன்றாவது, அடக்கி வைத்தது. பள்ளிக்கூடத்தில் ஆறு மணித்தியாலம் மற்றவர்களைப் போல இருக்கப் பாடுபட்ட பிள்ளை, வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போது உடையும். “பள்ளிக்கூடத்தில நல்லாத்தான் இருக்கிறான், உங்களிட்டத்தான் காட்டுறான்” என்று ஆசிரியர் சொன்னால், பாதிதான் சரி. அங்கே அடக்கினான், அதனால்தான் இங்கே உடைந்தான்.

உடம்புக்குள் நடப்பது

மூளைக்குள் ஆழத்தில் பாதாம் கொட்டை அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று கண்டால் மணியடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. மணியடித்தால் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலினை விடும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், தசை இறுகும். எதிர்த்து நில், அல்லது ஓடு. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கனன் நூறு வருடத்துக்கு முன்பே விவரித்த பழைய தற்காப்பு இது, எல்லாருக்கும் உள்ளது. நாய் துரத்தினால் உங்களுக்கும் இதுதான் நடக்கும்.

ஓட்டிசப் பிள்ளைக்குக் கூடிய சுமையே நாயாகிவிடுகிறது. ஆபத்து இல்லையே என்று நாங்கள் சொல்லலாம். உடம்புக்கு அது தெரியாது. அடிக்கிறது, கடிக்கிறது, தள்ளுகிறது, கதவைத் திறந்துகொண்டு றோட்டுக்கு ஓடுகிறது, எல்லாம் இந்த அட்ரினலினின் வேலை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் யோசிப்பது, பொறுப்பது, சொன்னதை விளங்கிக்கொள்வது எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆபத்து மணி பலமாக அடிக்கும்போது அந்தப் பகுதியின் கை தளர்ந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் “ஏன் கத்துறாய்? சொல்லு” என்று கேட்டால் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஆளில்லை. வாக்குறுதியும் சேராது, வெருட்டலும் சேராது. அடி மட்டும் சேரும். ஏற்கனவே ஏறியிருக்கிற சுமைக்கு மேலே இன்னொரு சுமையாக.

சுரந்த இரசாயனம் வடிய நேரம் வேண்டும். சிலருக்குப் பத்து நிமிடத்தில் அடங்கும், சிலருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே எடுக்கும். நடுவில் அடங்கியது போலத் தெரிந்து திரும்பக் கிளம்புவதும் உண்டு. கத்தல் நின்றவுடன் “சரி, இனி சேட்டைப் போடுவம்” என்று தொடங்கினால் அதுதான் நடக்கும்.

இவ்வளவு தூரம் வந்ததில் கையில் வைத்திருக்க வேண்டியது: பல பக்கச் சுமை கூடுகிறது, கழித்துவிட வழியில்லாமல் தேங்குகிறது, கடைசி ஒன்றில் உடல் ஆபத்து நிலைக்குப் போகிறது, அந்த நிலையில் சொல் உள்ளே போகாது. இனிச் சொல்லப்போகிற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அடம் எது, மெல்ட்டவுன் எது?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு நோக்கம் இருக்கும். அழுதுகொண்டே ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கும். அம்மா அடுத்த அறைக்குப் போனால் பின்னால் போய் விழுந்து அழும். கேட்டது கிடைத்தால் கண்ணீர் காயமுதலே சிரிக்கும். தனக்கு நோகாத மாதிரிப் பார்த்துத்தான் விழும். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்வது அது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெல்ட்டவுனில் பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கேட்ட பொருளைக் கையில் கொடுத்தாலும் எறியும், அல்லது கண்டுகொள்ளாது. தலையைச் சுவரில் இடிக்கும்போது நோவு கூட அந்த நேரம் தடுக்காது. முடிந்த பிறகு வெற்றிச் சிரிப்பு இருக்காது. களைத்துப்போய்ச் சுருண்டு படுக்கும், சில பிள்ளைகள் வெட்கப்பட்டு அழும்.

அடமாகத் தொடங்கி மெல்ட்டவுனாக முடிவதும் உண்டு. ஓட்டிசப் பிள்ளையும் பிள்ளைதானே, அதுவும் அடம்பிடிக்கும். எது என்று தெரியாமல் நின்றால் மெல்ட்டவுன் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். அடம்பிடிக்கிற பிள்ளையை ஐந்து நிமிடம் அமைதியான இடத்தில் வைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மெல்ட்டவுனில் உள்ள பிள்ளைக்கு அடித்தால் கெட்டுப்போகும்.

சத்தமே இல்லாத ஒரு வகையும் உண்டு, ஷட்டவுன் என்பார்கள். பிள்ளை வெடிக்காமல் உள்ளே மூடிக்கொள்ளும். பேச்சு நிற்கும், கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது, மேசைக்குக் கீழே போய் இருந்துவிடும். சத்தம் போடாததால் நல்ல பிள்ளை என்று பெயரும் கிடைக்கும். உள்ளே இருப்பது அதே சுமைதான், உதவியும் அதேதான்.

வருமுன் தெரியும் அறிகுறிகள்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெடிக்க முதல் ஒரு கட்டம் இருக்கும். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது கூடும். இப்படித் தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிற அசைவுகளுக்கு ஸ்டிம்மிங் என்று பெயர். அதைப் பார்த்துச் சனம் சிரிக்கும் என்று கையைப் பிடித்து நிறுத்துகிற பெற்றோர் பலர். அது சுமை வடிகிற வாய்க்கால். அடைத்தால் வேறு பக்கத்தால் உடைக்கும். சில பிள்ளைகளுக்குக் காது சிவக்கும், சிலர் சேட்டின் கையைக் கடிப்பார்கள், சிலர் வழமைக்கு மாறாகப் பேசாமல் போவார்கள். உங்கள் பிள்ளையின் அறிகுறி உங்களுக்குத்தான் தெரியும். அது தெரிந்த நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும், பில்லுக்கு நிற்கிற வரிசையை விட்டுவிட்டு. எடுத்த சாமான் போனால் போகட்டும், அடுத்த கிழமை வாங்கலாம்.

தொடங்கிவிட்டால்

செய்ய வேண்டியதை விட நிறுத்த வேண்டியதுதான் அதிகம்.

முதலில் பேச்சை நிறுத்துங்கள். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், அம்மம்மா ஒரு பக்கம் என்று மூன்று குரல் கேட்டால் மூன்று சுமை. ஒரே ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், இரண்டு மூன்று சொல். “அம்மா நிக்கிறன்.” “வெளியில போவம்.” பிறகு மௌனம். கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்ப வேண்டாம். பக்கவாட்டில் குந்தியிருங்கள், மேலே நின்று குனிந்தால் பயமுறுத்தும்.

தொடுவதில் அவசரம் வேண்டாம். இறுக்கி அணைத்தால் சில பிள்ளைகளுக்கு ஆறும், சில பிள்ளைகளுக்குத் தோளில் விரல் பட்டாலே சுடும். அமைதியான நேரத்தில் எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டியது அது. அந்தக் களேபரத்தில் பரிசோதனை செய்ய முடியாது. நாலு பேர் சேர்ந்து கைகாலைப் பிடித்து அமுக்குவது மிகவும் மோசம், மூச்சுக்கே ஆபத்தாகலாம். றோட்டுக்கு ஓடுகிறான் என்றால் பிடிக்கத்தான் வேண்டும், பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்ததும் விட்டுவிட வேண்டும்.

சுமையை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நடக்கக்கூடிய நிலையில் இருந்தால் வெளியே, நிழலுக்கு. எங்கள் ஊரில் இதற்குக் கிடைக்கிற நல்ல இடம் ஓட்டோ. பின்பக்கத் திரையை இறக்கிவிட்டால் இருட்டு, ஆட்கள் தெரியாது, சாய இடம். தெரிந்த ஓட்டோக்கார அண்ணரிடம் முதலே சொல்லி வைத்தால் அவர் பாட்டை நிற்பாட்டிவிட்டு வெளியே நிற்பார். வெளியே கொண்டுபோக முடியாவிட்டால், கிடக்கிற இடத்திலேயே கிடக்கவிட்டு, கூரான மேசை மூலை, கண்ணாடி, கதிரை ஆகியவற்றை விலக்குங்கள். தலையை இடித்தால் இடையில் மடித்த துவாயோ பையோ வையுங்கள். பையில் எப்போதும் வைத்திருக்கத் தகுந்தவை: காது மூடுகிற ஹெட்போன், தண்ணிப்போத்தல், மெல்லிய துவாய், பிள்ளைக்குப் பிடித்த ஒரு சாமான்.

ஓடுகிற பழக்கம் உள்ள பிள்ளை என்றால் இன்னொன்று. பல ஓட்டிசப் பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கும். யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு கிணறு, கோயிலுக்குக் கோயில் கேணி. பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது அங்கேதான். பிறகு மற்ற இடம்.

சுற்றி நிற்கிற சனம்

என்னைக் கேட்டால் பொது இடத்து மெல்ட்டவுனில் கடினமான பாதி இதுதான். பிள்ளையோடு இருக்கிற பாதியைத் தாய்மார் பழகிவிடுகிறார்கள். யாழ்ப்பாணம் சின்ன இடம்; பஸ்ஸில் பார்க்கிறவர் உங்கள் பெரியம்மாவோடு படித்தவராக இருப்பார், பின்நேரம் வீட்டுக்குச் செய்தி போய்விடும். அந்தப் பயத்தில் தாய் அதட்டுகிறா, இழுக்கிறா, ஒன்று போடுகிறா. பிள்ளைக்காக அல்ல, பார்க்கிறவர்களுக்காக.

ஆகவே சனத்துக்கு ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருங்கள். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, முழு விளக்கமும் தேவையில்லை. “இவனுக்கு ஓட்டிசம். சத்தம் தாங்கேலாது. கொஞ்சம் இடம் விட்டாத் தானா அடங்கும்.” இதை நீங்கள் சொல்ல முடியாத நிலையில் இருந்தால் கூட வந்தவர் சொல்லட்டும். ஒருவர் பிள்ளைக்கு, ஒருவர் சனத்துக்கு என்று வீட்டிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டு வருவது மிக நல்லது. அம்மம்மாமார் சனத்துக்குக் கெட்டிக்காரர்கள்.

விடாமல் புத்தி சொல்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். அவரோடு வாதாடாமல் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: “அக்கா, பெரிய உதவி, ஆக்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுறியளே?” அந்த அக்கா அடுத்த பத்து நிமிடத்துக்கு உங்கள் காவல்காரி. “நாவூறு கழி பிள்ளை” என்கிற ஆச்சியிடம் “ஓம் ஆச்சி, வீட்ட போய்க் கழிக்கிறன்” என்று சொன்னால் போதும். அவவை அந்த இடத்தில் திருத்த வேண்டிய அவசியமில்லை.

நீங்கள் பார்க்கிறவராக இருந்தால்? திரும்பி நில்லுங்கள். போனை எடுக்காதீர்கள், ஒரு பிள்ளையின் மிக மோசமான நேரம் முகநூலில் கிடக்க வேண்டியதில்லை. “தங்கச்சி, ஏதும் செய்யவோ, இல்லை விடவோ?” என்று ஒருதரம் கேளுங்கள். வேண்டாம் என்றால் போய்விடுங்கள். பிள்ளையின் கையில் டொபி திணிக்க வேண்டாம். பஸ் நடத்துநர் என்றால் பாட்டை நிற்பாட்டலாம், அது ஒன்றே பெரிய உதவி.

வளர்ந்த பெடியனுக்கு நடக்கும்போது நிலைமை வேறு. பத்தொன்பது வயது, மீசை வைத்த ஒருவன் பஸ் நிலையத்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் சனம் நினைப்பது வெறி, அல்லது ஐஸ் போதை. பொலிசும் அப்படித்தான் முதலில் நினைக்கும். அதட்டினால் அவன் ஓடுவான், ஓடினால் சந்தேகம் உறுதியாகும். 2016 இல் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திக் கழுத்துப்பட்டி, வெளியே தெரியாத இயலாமைக்கு அடையாளமாகப் பல நாடுகளுக்குப் பரவியது. இங்கே அதைக் கழுத்தில் போட்டால் அழகுக்கு என்றுதான் நினைப்பார்கள். எழுத்து உள்ள அட்டைதான் உதவும்: தமிழிலும் சிங்களத்திலும், “எனக்கு ஓட்டிசம் உள்ளது. பதற்றத்தில் பேச முடியாது. தொடாதீர்கள். இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.” பொலித்தீன் ஒட்டி, சேட்டுப் பையில்.

அடங்கிய பிறகு

தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, படுக்க இடம். விசாரணை வேண்டாம். “எல்லாருக்கும் முன்னால என்னை வெட்கப்படுத்திப் போட்டாய்” என்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்கச் சொன்னால், அடுத்த தடவைக்கான முதல் சுமையை இன்றே ஏற்றுகிறீர்கள்.

பெற்றோருக்கு ஒரு கொப்பி உதவும். என்ன செய்தான் என்பதை விட அதற்கு முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் என்ன இருந்தது என்று எழுதுங்கள்: நித்திரை, சாப்பாடு, மலம் போனதா, என்ன சத்தம், திட்டத்தில் என்ன மாறியது. கொஞ்சக் காலத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். காரணமே தெரியாமல் திடீரென மெல்ட்டவுன் கூடினால் உடலைப் பாருங்கள். பல்லு நோவு, காதுக்குள் சீழ், மலச்சிக்கல் எல்லாம் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் இப்படித்தான் வெளிவரும். வைத்தியரிடம் “குழப்படி கூடிப்போச்சு” என்று சொல்லாமல், எங்கேயும் நோகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களை விட அதிகம் என்பதால், நினைவு தப்பினாலோ உடல் வெட்டி இழுத்தாலோ அது மெல்ட்டவுன் இல்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தலையில் பலமாக அடிபட்டாலும் அப்படித்தான்.

அப்ப நல்லூருக்குப் போகவே கூடாதா?

போகலாம். பல குடும்பங்கள் கோயில், கலியாணம், சந்தை எல்லாவற்றையும் விட்டு வீட்டுக்குள் அடைந்துவிடுகின்றன. அது பிள்ளைக்கும் நட்டம், தாய்க்கு அதை விட நட்டம்.

25 நாள் திருவிழாவில் தேருக்கும் சப்பரத்துக்கும்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? கொடியேறிய தொடக்க நாட்களில் ஒரு நாள், கூட்டம் கட்ட முதல் விடியப் போங்கள். அதற்கும் முதல், திருவிழா இல்லாத ஒரு நாள் போய் வீதி, வாசல், எங்கே செருப்பு விடுவது, எங்கால் வெளியே வருவது எல்லாம் காட்டுங்கள். போனில் படமெடுத்து முதல் நாள் இரவு வரிசையாகக் காட்டலாம்: ஓட்டோ, வீதி மணல், கோபுரம், கற்பூரச் சட்டி, பிறகு வீடு. ‘பிறகு வீடு’ முக்கியம். முடிவு தெரிந்தால் பொறுக்க இலகு.

மணல் காலில் படுவது சில பிள்ளைகளுக்குத் தாங்காது, சிலருக்கு அதுதான் கொண்டாட்டம். சேட்டுக் கழற்றுவதும் அப்படியே. வெறும் மேலில் மற்றவர்களின் வியர்வை படுவது தாங்காத பையனை உள்ளே கொண்டுபோகாமல் வெளி வீதியில் நின்று கும்பிட்டால் முருகன் கோபிக்கமாட்டார். பூசை மணி அடிக்க முதல் ஹெட்போனைப் போடுங்கள், அடித்த பிறகு போட்டால் பிந்திவிடும். வீட்டிலும் நாள் முழுக்க அதை மாட்டிவிட வேண்டாம், காது இன்னும் கூச்சப்படப் பழகும். இருபது நிமிடம் நல்லபடி இருந்தால் அந்த இருபதாம் நிமிடத்திலேயே கிளம்புங்கள். இன்னும் கொஞ்சம் என்று நின்றதால் கெட்ட பயணங்கள்தான் நிறைய.

சலூன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கேட்கிற பெற்றோர் அதிகம். மெசின் காதோரம் இரையும், வெட்டிய மயிர் கழுத்தில் குத்தும், பவுடர் மணம், கண்ணாடி, ரீவி, தெரியாத ஆள் தலையைப் பிடிக்கிறார். எல்லாம் ஒரே கதிரையில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் இருத்தாதீர்கள். கடை திறக்கிற நேரத்துக்கு, கிழமை நாளில், முதல் ஆளாகப் போக முடியுமா என்று கேளுங்கள். மெசின் இல்லாமல் கத்தரிக்கோலால் மட்டும், ரீவியை நிற்பாட்டிவிட்டு, பாதி வெட்டியதோடு நிறுத்தவும் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதிக்கிற ஒருவர் கிடைத்தால் அவரையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், காசு கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.